டைப்ரைட்டிங் பரீட்சைக்கு ஆதி தாளம்

எழுபதுகளில், மலையாள தேசத்துக் கரமனையில், எங்கள் தமிழ்த் தெருப் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் முடிந்தால் போக்கிடம் இரண்டுதான்: கல்யாணம், இல்லாவிட்டால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். எதிர்வீட்டுப் பெண்ணும் நானும் ஒரே நாளில் சேர்ந்தோம். அவள் பாட்டுக் கற்றவள், விரல்கள் பறக்கும். ஆனால் யாராவது கடிகாரத்தைக் கையில் எடுத்தால் போதும், வியர்த்துக் கொட்டும்.

"கை நடுங்கறதுடீ, கேட்டியா. நீ காலால தாளம் போடேன், அதைப் பிடிச்சுண்டு போயிடறேன்" என்றாள் ஒரு நாள்.

ஒரே மேஜையில் எங்கள் இரண்டு மிஷின்கள். கீழே குறுக்குச் சட்டம். இருவர் பாதமும் அதன்மேல்தான். நான் குதிகாலால் ஆதி தாளம் தட்டினேன், ஒவ்வொரு எட்டிலும் முதல் அடியைக் கொஞ்சம் அழுத்தி. ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து. அவள் நடுக்கம் நின்றுவிட்டது. எனக்கும் கவனம் கூடியது. ஆனால் இரண்டே வாரத்தில் அவள் என்னைத் தாண்டிவிட்டாள். மலையாளி வாத்தியார் என் தாளைப் பார்த்தாலே, "ஆ குட்டி அடிக்குன்னது நோக்கு" என்பார், அந்தப் பெண் அடிப்பதைப் பார் என்று. எனக்கு வயிறு எரிந்தது. தாளம் என்னுடையது, பெயர் அவளுக்கா?

ஹையர் பரீட்சை தேறினால் அவள் வேலைக்குப் போகலாம். தேறாவிட்டால் ஆரியசாலையில் நாற்பது தாண்டிய ஒருவருக்கு இரண்டாம் தாரம். அவள் அப்பா தெருவறியச் சொல்லியிருந்தார். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

பரீட்சை எங்கள் இன்ஸ்டிடியூட்டிலேயே, அதே மேஜையில். மணி அடித்ததும் ஒழுங்காகத்தான் தட்டினேன். மூன்று நிமிஷம் கழித்து, இழை இழையாக வேகத்தைக் கூட்டினேன். என் விரல்களை மட்டும் பழைய நடையிலேயே வைத்துக்கொண்டேன். அவளால் அது முடியாது. தாளத்தைச் சந்தேகிக்காமல் வளர்ந்தவள், ஓடினாள். எழுத்துக் கம்பிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொண்டன. மையில் விரலை விட்டுப் பிரித்தாள். பிரித்த பிறகாவது அடிக்க வேண்டாமோ? பாட்டுக்காரி, முதல் அடி வரட்டும் என்று காத்திருந்தாள். நான் எல்லா அடியையும் ஒரே மாதிரி தட்டினேன். எது முதல் என்று தெரியாமல் கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்?

வெளியே வந்ததும் கறுத்த விரல்களால் என் கையைப் பிடித்தாள். "தாளம் ஓடித்து. பயந்துட்டியோ? சாரமில்லைடீ, போனாப் போறது. நான்தான் உன்னைப் பிடிச்சு நிறுத்தியிருக்கணும்."

"ஆமா, பயந்துட்டேன்" என்று அழுதேன். அவள் என்னைத் தேற்றினாள்.

நான் தேறினேன். அந்தத் தை மாசமே அவளுக்குக் கல்யாணம். நலங்கில் பாட உட்கார்ந்தவளுக்குக் கை நடுங்கியது. கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"தாளம் போடுடீ" என்றாள்.

ஒரு அட்சரம் பிசகாமல் போட்டேன்.