அந்த வளைவில் கிடந்தது என் கதிர்

போன வெள்ளிக்கிழமை பாளையம்பட்டி மருந்துக் கடையில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? எனக்கோ அந்தக் கடைக்குள்ளேயே எங்காவது ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது.

நன்றி சொன்னவர் யேசடியான். எம்.ரெட்டியபட்டி விவசாயி. என்னைவிட ஆறேழு வயது இளையவர். இந்தப் பத்தியை வாரம் தவறாமல் வாசிக்கிறவர். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து விரித்தார். மூன்று வாரம் முன்பு நான் எழுதியது — புதிதாக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குச் சில யோசனைகள். நடுவில் இரண்டு வரிகளுக்கு அடியில் பேனாவால் கோடு.

"மருமகளுக்கு வாசிச்சுக் காட்டுனேன் அண்ணாச்சி. அவுகளே எழுதிட்டாக, இனிமே என்ன பேச்சுன்னு வண்டிச் சாவியை வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்."

கோடு போட்ட வரிகள் இவை: 'பரளச்சிப் பக்கம் ஒரு பெண், லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, வளைவில் பதறிப் போய் பிரேக்கைப் பிடித்து விழுந்தார். கை பழகாமல் சாலைக்கு வருவது ஆபத்து.'

அந்தப் பெண்தான் யேசடியானின் மருமகள் மெர்சி.

அந்த வரிகளில் பொய் இல்லை. ஆனால் ஒன்று குறைகிறது. அவர் எதன் மேல் பிரேக் பிடித்தார்? வெறும் தார் என்றால் வண்டி நின்றிருக்கும். அவர் பிடித்தது குதிரைவாலிக் கதிர் மேல். அந்தக் கதிர் என்னுடையது.

வெளியூர் வாசகர்களுக்கு இது புரியாமல் போகலாம். எங்கள் மானாவாரிக் காட்டில் அறுப்பு முடிந்ததும் கதிரைக் கொண்டுவந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவோம். பஸ், லாரி, டிராக்டர் எல்லாம் அதன் மேல் ஏறிப் போகும். மணி உதிர்ந்துவிடும். கதிரடிக்க ஆள் தேட வேண்டாம், மிஷின் வேண்டாம். சாயங்காலம் வைக்கோலை ஒதுக்கிவிட்டு மணியைக் கூட்டி அள்ளினால் வேலை முடிந்தது. இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. பஸ் டிரைவர்களே பார்த்துக் கதிர் மேல் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

பழகிய பைக்காரர்களுக்கும் இது தெரியும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, இரண்டு காலையும் தொங்கவிட்டு, பிரேக்கைத் தொடாமல் ஊர்ந்து தாண்டிவிடுவார்கள். ஆனால் நேற்றுத்தான் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கியவருக்கு? யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

எனக்குத் தெரியும். முப்பது வருடம் ரோடு போட்டவன் நான். வளைவில் சக்கரம் எப்போது வழுக்கும் என்று கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்கிய பொறியாளன். வேலையில் இருந்த காலத்தில் ரோட்டில் கதிர் பரப்பியவர்களை ஜீப்பை நிறுத்தி, இறங்கிப் போய்த் திட்டியிருக்கிறேன். 'இது உங்க அப்பன் வீட்டுக் களமா?' என்று கேட்டிருக்கிறேன்.

ஓய்வு பெற்றேன். பரளச்சியில் இருக்கும் ஒன்றரை ஏக்கரில் குதிரைவாலி விதைத்தேன். அறுத்தேன். எங்கே பரப்பினேன்?

அன்று காலை என்னோடு வேலை பார்த்த முனியாண்டி தயங்கினார். "சார், வளைவுல வேணாம். அங்கிட்டு நேர் ரோட்டுல போட்ருவோம்," என்றார். என் காடு வளைவை ஒட்டி இருக்கிறது. நேர் ரோட்டுக்கு இருநூறு மீட்டர் சுமக்க வேண்டும். சிமெண்டுக் களம் இன்னும் தள்ளி. நான் சுமக்கப் போவதில்லை, அவர்தான் சுமக்கப் போகிறார். இருந்தும் எனக்குச் சோம்பல். "எல்லாரும் போடுறதுதானப்பா," என்றேன்.

எட்டரை மணி இருக்கும். மெர்சி வந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். தலையில் ஹெல்மெட், கழுத்துப் பட்டையும் மாட்டியிருந்தது. சேலைத் தலைப்பு இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தது. வளைவுக்கு முன்னால் ஹாரன் அடித்தார். நடந்து போகிற ஆளைவிடக் கொஞ்சம்தான் வேகம். வளைவு திரும்பியதும் எதிரே ரோடு முழுக்கக் கதிர். பிரேக்கைப் பிடித்தார். புதியவர் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார். முன் சக்கரம் அப்படியே நழுவியது.

நாங்கள் ஓடிப் போய்த் தூக்கினோம். இடது மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவர், சுற்றிலும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சார்... கதிரெல்லாம் சிதறிப்போச்சு. மன்னிச்சுக்கங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லம்மா" என்றேன். அவரை மன்னித்துவிட்டேன்!

அவரை ஷேர் ஆட்டோவில் ஏற்றி, துணைக்கு முனியாண்டியை அனுப்பினேன். பிறகு தனியாக நின்று ரோட்டைக் கூட்டினேன். நேர் ரோட்டுக்குச் சுமக்க முடியாத கதிரை, அரை மணி நேரத்தில் ரோட்டிலிருந்து காட்டுக்குள் இழுத்துப் போட்டேன். எழுபத்து மூன்று வயதில் எனக்கு அவ்வளவு வேகம் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. யாராவது வந்து பார்த்தால்? அங்கே சுத்தமான தார் ரோடு மட்டும்தான் இருக்கும்.

இரண்டு வாரம் கழித்து இந்தப் பத்திக்கு விஷயம் தேடி உட்கார்ந்தேன். கை தானாகவே அந்த வரிகளை எழுதியது. ஏன் எழுதினேன்? யோசித்துப் பார்த்தால் ஒரே காரணம்தான் — தப்பு அவருடையது என்று அச்சில் பார்த்தால் எனக்குத் தூக்கம் வரும். வந்தது. மூன்று வாரம் நன்றாகவே தூங்கினேன்.

மருந்துக் கடையில் யேசடியான் மீதியையும் சொன்னார். மெர்சிக்குப் பரளச்சி தாண்டி ஒரு கிராமத்தில் அங்கன்வாடி வேலை. பஸ் நேரத்துக்குக் கிடையாது, ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பாமல் கிளம்பாது. தினமும் லேட். மகன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வெளி மாநிலத்தில். வீட்டில் சும்மா நின்ற அவருடைய பைக்கைத்தான் மெர்சி துணிந்து பழகியிருக்கிறார். இனி வண்டி இல்லை. வண்டி இல்லாமல் அந்த வேலையும் முடியாது. "மாவுக்கட்டுப் பிரிச்சதும் எழுதிக் குடுத்துட்டு வந்துரச் சொல்லிட்டேன். உசுரு பெருசா, வேலை பெருசா?" என்றார்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். தைலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு ராத்திரி புரண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயிலிலிருந்து திரும்பியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டு எம்.ரெட்டியபட்டிக்குப் போனேன். வீட்டு வாசலில் பைக் நின்றது. மேலே சாக்குப் போட்டு மூடி, கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

உள்ளே போனதும் நின்றபடியே சொல்லிவிட்டேன். கதிர் என்னுடையது, வளைவில் போடச் சொன்னது நான், பிறகு கூட்டி மறைத்ததும் நான்.

யேசடியான் சிரித்தார். "அட, இதுக்கா இந்த வெயில்ல வந்தீக? நானுந்தேன் வருசா வருசம் கம்பு போடுறேன். ரோட்டுல கதிர் கெடக்கத்தான் செய்யும். எல்லாரும் போறாக, வாராக. இவளுக்கு ஓட்டத் தெரியல, விழுந்துட்டா. உக்காருங்க அண்ணாச்சி, டீ சாப்பிடுங்க."

நான் தயாராகப் போனது திட்டு வாங்க. கிடைத்தது டீ. நான் செய்தது இங்கே குற்றமே இல்லை என்று ஆகிவிட்டது. அது எனக்கு எவ்வளவு சௌகரியம்!

மெர்சி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கழுத்திலிருந்து தூளி கட்டி, அதில் மாவுக்கட்டுப் போட்ட கை. கதிர் யாருடையது என்று வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டேன்.

"யாரும் கேக்கல சார். வண்டியை யாரு ஓட்டுனதுன்னுதான் கேட்டாக."

பிறகு அவரே மாமனாரைப் பார்த்துச் சொன்னார்: "மாமா, சார் எழுதுனதை நம்பித்தான் சாவியை வாங்குனீக. இப்ப அவுகளே வந்து சொல்றாக. அதையும் நம்பணும்ல?"

யேசடியான் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அது பேப்பர்ல வந்துச்சு. இது வாய்ப்பேச்சு. அண்ணாச்சி நல்ல மனுசர், உன் மேல எரக்கப்பட்டுச் சொல்றாக."

மெர்சி என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "அப்ப பேப்பர்லயே எழுதிருங்க சார். போன தடவை 'ஒரு பெண்'ணுன்னு போட்டீக. இந்தத் தடவை என் பேரைப் போடுங்க. உங்க பேருதான் மேலயே இருக்கு."

எழுதிவிட்டேன்.

புதிதாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு: ரோட்டில் கதிர், மணல், ஈரச் சாணி எது கண்ணில் பட்டாலும் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மேலே ஏறிய பிறகு பிரேக்கைத் தொடாதீர்கள். ஹேண்டிலை நேராகப் பிடியுங்கள். போன முறை நான் எழுதாமல் விட்டது இதைத்தான். இதை எழுதினால் கதிரைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும், அதனால் விட்டேன்.

ஆனால் ஒன்று. விழாமல் தாண்டுவது எப்படி என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது சுலபம். ரோட்டில் போடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்குத்தான் ஒருவர் கை முறிய வேண்டியிருந்தது. அடுத்த அறுப்புக்குச் சிமெண்டுக் களம்தான். முனியாண்டியிடம் சொல்லிவிட்டேன். பாதிச் சுமை நான் தூக்குகிறேன் என்றேன். அவர் என் முதுகை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

மெர்சிக்கு அடுத்த வாரம் கட்டுப் பிரிக்கிறார்கள்.

யேசடியான், பேப்பரில் வந்துவிட்டது. பீரோவைத் திறங்கள்.