தண்ணீர் குடிக்காமல் கொடுத்த இரத்தம்

“கிரியாட்டினின் 1.6. மறுபரிசோதனை தேவை.” மார்ச் நான்காம் தேதியிட்ட இந்த லேப் சீட்டு என் தம்பியுடையது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் இரத்தத்தில் ஏறுகிற எண் அது. ஜூன் மாதச் சீட்டிலும் அதே வரிதான். எண் மட்டும் சற்று ஏறியிருக்கிறது.

தம்பிக்கு எச்ஐவி. பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறான், வைரஸ் அடங்கியிருக்கிறது. அந்த மாத்திரையில் உள்ள ஒரு மருந்து சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாற்று மருந்து உண்டு. ஆனால் ஒத்துப்போன மாத்திரையைக் காரணம் தெரியாமல் மாற்ற டாக்டர் தயங்கினார். உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் இந்த எண் ஏறுமென்று, நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி இரத்தம் கொடுக்கச் சொன்னார்.

அங்கேதான் சிக்கல். ஊருக்குத் தெரியக்கூடாதென்று தம்பி பெங்களூரில் வைத்தியம் பார்க்கிறான். எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் பெங்களூருக்கு விடிகாலை ரயில் ஏறுகிறவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. அந்த நெரிசலில் கழிப்பறைப் பக்கம் நகர முடியாது. தினமும் அதில் வேலைக்குப் போய்ப் போய்த் தம்பிக்கும் படிந்த பழக்கம். இரண்டு முறையும் காய்ந்த உடம்போடுதான் கையை நீட்டியிருக்கிறான்.

“இங்கயே லேப்ல குடுத்துட்டு ரிப்போர்ட்ட எடுத்துட்டுப் போயேன்டா” என்றேன்.

“இன்னாண்ணா நீ! அங்க ஊசி குத்துறது நம்ம லைன் வீட்டுப் பொண்ணு. கிட்னி டெஸ்ட்டு இவனுக்கு எதுக்குன்னு அவங்க அம்மாவ கேக்கும். அந்தம்மா மார்க்கெட் பூரா கேக்கும்.”

“சுகருக்கும்தான் இந்த டெஸ்ட்டு எடுக்கிறாங்க. சுகருன்னு சொல்லு.”

“அப்புறம் கல்யாண வீட்டுல எனக்கு மட்டும் பாயசம் கெடையாதும்பாங்க. போண்ணா.”

“அப்ப ரயில்லயாவது ஒரு பாட்டில் குடி.”

“பங்காரப்பேட்டை தாண்டி அவசரம்னா நீ வந்து வழி விடச் சொல்வியா?”

சிரிப்பு வந்தது; எரிச்சல் போகவில்லை. ஒரு செம்புத் தண்ணீரில் தெளிந்திருக்கக்கூடிய விஷயம் மாதக்கணக்கில் இழுத்தது. கெடுவது சிறுநீரகம், இவனுக்கோ பக்கத்து வீட்டுக் கவலை.

கடைசியில் ஆகஸ்டில் முந்தின நாளே அவனை இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி அருகே லாட்ஜில் தங்கினேன். என் கண்ணெதிரே குடிக்க வைத்தேன். காலையில் இரத்தம் கொடுத்தான். எண் இறங்கியது, ஆனால் இயல்பான அளவுக்கு வரவில்லை. சிறுநீரையும் சோதித்துப் பார்த்தே முடிவு செய்ய முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய மாத்திரையே தொடர்கிறது.

இறங்கிய அளவு தண்ணீரால் என்று கொள்ளலாம். இறங்காமல் நிற்பது மாத்திரையாலா, வேறு எதனாலா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.