முதல் படம் எப்படியும் வீணாகும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு நான் சிங்கப்பூரில் தொலைந்துபோனேன். நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம் பெரியப்பா. அப்போதுதான் அவர் கடிகாரத்தைப் பார்த்து, "நாலு பத்து ஆச்சு. கடைசியா ஒரு படம், கோபுரம் முழுசா வரணும், எல்லாரும் வந்து நில்லுங்க" என்று அறிவித்திருந்தார். தொலைந்துபோன விஷயம் எனக்குத் தெரிந்தது ஐந்தேகாலுக்குத்தான். இடையிலிருந்த ஒரு மணி ஐந்து நிமிடத்தைப் போல ஒரு நேரம் என் சிறுவயதில் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. என் மகளுக்குப் பத்தொன்பது வயது. புதுக் கேமராவோடு படம் எடுக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று அதே ஊருக்குத் தனியாகப் போயிருக்கிறாள். நேற்று மூன்று மணி நேரம் போனை எடுக்கவில்லை. கடைசியில் எடுத்து, "லைட் நல்லா இருந்துச்சும்மா" என்றாள். அவளைத் திட்டி எழுத உட்கார்ந்தால் எழுத்து என் பக்கமே திரும்புகிறது.

எனக்கு அப்போது பதினோரு வயது. பெரியப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, திருச்சியிலிருந்து இரண்டு குடும்பத்தையும் நான்கு நாள் சுற்றுலா அழைத்து வந்திருந்தார். அப்பா, அம்மா, தம்பி, நான். பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகளான அக்கா. கேமரா பெரியப்பாவுடையது. அது என் கைக்கு வந்தது திறமையால் அல்ல. மற்ற எல்லோருக்கும் படத்தில் நிற்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தம்பி சின்னவன், கீழே போட்டுவிடுவான். மிச்சம் நான்.

பயிற்சி இரண்டே வாக்கியத்தில் முடிந்தது. பெரியப்பா சொன்னார்: "முதல் படம் எப்படியும் வீணாகும். ஃபிலிம் போட்டதும் எங்கயாவது காட்டி ஒரு அமுக்கு அமுக்கிடு." பெரியம்மா சொன்னார்: "தலையையும் வெட்டாத, காலையும் வெட்டாத. காலை வெட்டினா குடும்பத்துக்கு ஆகாது." எங்கள் வீட்டுப் படங்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் ஒவ்வொருவரும் உச்சி முதல் பாதம் வரை பத்திரமாக உள்ளே இருப்பார்கள்.

கடைசி நாள் காலை புது ஃபிலிம் போட்டு, அறை ஜன்னலுக்கு வெளியே காட்டி முதல் படத்தை வீணாக்கினேன். அன்று இரவு விமானம். ஏழு மணிக்கு ஹோட்டல் வாசலுக்கு வண்டி வரும். அதற்கு முன் லிட்டில் இந்தியாவில் நகையும் சாமானும் வாங்கி, கோயிலும் பார்ப்பதாகத் திட்டம்.

சிராங்கூன் சாலையில் கோயிலுக்கு முன் ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். கோபுரம் வந்தால் கால் வரவில்லை. கால் வந்தால் கோபுரத்துக்குத் தலை இல்லை. பின்னால் நகர்ந்தேன். இன்னும் நகர்ந்தேன். பச்சை விளக்கு எரிந்தபோது சாலையைக் கடந்து எதிர் நடைபாதைக்கே போய்விட்டேன். அங்கிருந்து எல்லாம் அடங்கியது. அமுக்கினேன். உடனே ஒரு பேருந்து குறுக்கே வந்தது, அதன் பின்னால் இன்னொன்று. அவை நகர்ந்தபோது கோயில் வாசலில் என் வீட்டார் யாரும் இல்லை.

நடந்தது என்னவென்று பிற்பாடு கூடிப் பேசிக் கண்டுபிடித்தார்கள். பெண்கள் நகைக்கடைக்குப் போனார்கள். ஆண்கள் தம்பியைக் கூட்டிக்கொண்டு ரேடியோ பார்க்கப் போனார்கள். நான் அப்பாவோடு இருப்பதாக அம்மாவும், அம்மாவோடு இருப்பதாக அப்பாவும் நினைத்துக்கொண்டார்கள்.

எனக்குப் பயமே வரவில்லை. பக்கத்தில்தான் எங்காவது இருப்பார்கள். என் மனதில் இருந்த கணக்கு வேறு: ஃபிலிமில் இன்னும் இருபத்தேழு படம் இருக்கிறது, எதிரே நின்று "எடுத்தியா, எடுத்தியா" என்று கேட்க ஒருவரும் இல்லை. நான்கு நாளில் முதல்முறையாக, எதை எடுப்பது என்று நானே முடிவு செய்யலாம்.

ஞாயிறு என்பதால் தெருவெல்லாம் வேலையாட்கள் நிரம்பிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர் ஆட்கள், நம் ஊர்ப் பேச்சு. திருச்சி பஸ் நிலையத்தைத் தூக்கிவந்து இறக்கியது போலிருந்தது. மாலை கட்டுபவரின் விரலை எடுத்தேன். ஒருவர் முதுகை மேசையாக்கி இன்னொருவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்ததை எடுத்தேன். புல்தரையில் மூன்று பேர் ஒரே செய்தித்தாளைக் கிழித்துப் பங்கிட்டுப் படிப்பதை எடுத்தேன். வெயில் சாய்ந்து கடைகளின் பித்தளைப் பாத்திரங்களில் பட்டுத் தெறித்தது. அது எங்கே விழுகிறதோ அங்கே முதலில் போய் நின்றுகொண்டு, ஆள் வரும்வரை காத்திருக்கலாம் என்று நானே கண்டுபிடித்தேன். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் துடித்தேன்.

"பாப்பா, என்னைய ஒன்னு எடேன்" என்றார் ஓர் அண்ணன்.

வழக்கப்படி பின்னால் நகர்ந்தேன். அவர் கூடவே முன்னால் வந்தார். "தூரமாப் போவாத. தலைய மட்டும் எடு. செருப்பு பிஞ்சிருக்கு, ஊர்ல பார்த்தா அழுவாங்க."

"மூஞ்சி நல்லா இருந்தா செருப்பு எதுக்குடா பிய்யுது" என்றான் அவர் கூட்டாளி. அத்தனை பேரும் சிரித்தார்கள்.

காலை வெட்டினேன். இடுப்பை வெட்டினேன். தோளையும் வெட்டினேன். கண்ணாடித் துளைக்குள் ஒரு மனிதரின் முகம் மட்டும் இருந்தது, புருவத்தில் சிமெண்டுத் துகளோடு. குடும்பத்துக்கு ஆகாத காரியத்தைச் செய்துவிட்ட குதூகலத்தில் அதற்குப் பிறகு நான் எல்லோரையும் வெட்டினேன்.

முப்பத்தாறு முடிந்ததும் கேமரா தானாகவே விர்ரென்று சுற்றி நின்றது. ஓரமாக ஒரு படக்கடை தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் படம் கழுவித் தருவதாகப் பலகை. உள்ளே தொப்பி வைத்த கடைக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள்.

"ஒரு ஃபிலிம் வேணும். எங்கப்பா பின்னால வர்றாங்க" என்றேன்.

அவர் என் தலைக்கு மேலாக வெளியே பார்த்தார். "பின்னால யாரையும் காணோமேம்மா."

நானும் திரும்பிப் பார்த்தேன். ஆயிரம் பேர் இருந்தார்கள். ஒருவரையும் எனக்குத் தெரியவில்லை. சுவரில் மணி ஐந்தேகால்.

தங்கியிருக்கும் ஹோட்டல் பெயர் தெரியவில்லை. தெரு தெரியவில்லை. ஏழு மணிக்கு வண்டி என்பது மட்டும் தெரிந்தது. அதைச் சொன்னதும் அந்த அம்மாள் எனக்கு நாற்காலி போட்டு இஞ்சித் தேநீர் கொடுத்தார். கடைக்காரர் போலீசுக்குப் போன் செய்துவிட்டு, என் கேமராவைத் திறந்து ஃபிலிமை எடுத்தார்.

"பிள்ளை தொலைஞ்சு நிக்குது, நீங்க படம் கழுவப் போறீங்களா?"

"அவ அத்தா அம்மா மூஞ்சி தெரிஞ்சாத்தானே தேட முடியும்லா" என்றார், அந்த ஊர் "லா"வைக் கடைசியில் சேர்த்து.

முக்கால் மணி நேரத்தில் படங்கள் இயந்திரத்திலிருந்து ஒவ்வொன்றாக ஈரப் பளபளப்போடு விழுந்தன. ஒவ்வொன்றும் விழுவதற்குள் நான் எட்டி எட்டிப் பார்த்தேன். கோயில் படத்தை அவர் கண்ணருகே கொண்டுபோனார். பிரமாதமான கோபுரம். அதன் கீழே கடுகு அளவில் ஆறு முகம்.

"என்னம்மா, கொசுவையா நிக்க வச்சு எடுத்தே?"

"காலை வெட்டக் கூடாதுன்னு சொன்னாங்க."

"அப்ப இது யாரு? சித்தப்பாவா?" உள்ளங்கை அளவுக்குப் பெரிய முகம்.

"தெரியாது. செருப்பு பிஞ்ச அண்ணன்."

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைக்காரர் மட்டும் சிரிக்காமல் ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே போனார். கடைசியாக, வீணான முதல் படம். பாதிக்கு மேல் வெளிச்சம் ஏறி வெந்துபோயிருந்தது. மீதியில் ஜன்னல் கம்பி, எதிர்ச்சாரியில் ஒரு பழைய கடை, அதன் வாசலில் சுருள் சுருளாகத் தொங்கும் கயிறு.

"இது ஜாலான் புசார் ரோட்டுக் கயித்துக் கடைலா" என்றார். "தார்ப்பாய் வாங்கப் போவேன். எதிர்ல இருக்கிறது ஒரே ஒரு ஹோட்டல்தான்."

மணி ஆறு. தொலைபேசிப் புத்தகத்தில் எண்ணைப் பார்த்துப் போன் செய்தார். பெரியப்பாதான் லைனுக்கு வந்திருக்க வேண்டும். கடைக்காரர் விவரத்தைச் சொல்லிவிட்டு, ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "பெரியவர் அழுவுறார்" என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். நான் நம்பவில்லை. பெரியப்பா அழுகிற ஆள் இல்லை. அப்பா தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருக்கிறார், யாராவது அவரைத் தேடிப் பிடித்து அனுப்ப வேண்டும் என்று தெரிந்தது.

காத்திருந்த அரை மணியில் நான் படங்களை வரிசைப்படுத்தினேன். மிக நல்லது மேலே. முகப் படம் முதலாவது. அப்பா வந்ததும் எந்த வரிசையில் காட்டுவது, ஒளியைப் பற்றி நான் கண்டுபிடித்ததை எப்போது சொல்வது என்றெல்லாம் யோசித்து வைத்தேன்.

ஆறு முப்பத்தைந்துக்கு அப்பா வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு நேராகக் கடைக்காரரிடம் போய்க் கைகூப்பி, "மன்னிக்கணுங்க. பொண்ணு உங்களுக்கு ஏதும் தொந்தரவு குடுத்தாளா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லைங்க. தங்கமான பிள்ளை. படத்தைப் பாருங்க, எப்படி எடுத்திருக்குன்னு."

அப்பா படங்களை வாங்கினார். தலைகீழாகப் பிடித்திருந்தார். "அப்பா, திருப்புங்க" என்றேன். அவர் திருப்பவில்லை. கடைக்காரர் மனைவியிடம், "ஏதும் தொந்தரவு குடுத்தாளாங்க?" என்றார். அவர், "இல்லைங்க, உட்காருங்க, முதல்ல உட்காருங்க" என்று என் நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்குக் கோபமாக வந்தது. ஒரு படத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

அப்பா உட்காரவில்லை. என் பக்கம் திரும்பி, என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, அதே பணிவான குரலில் என்னிடமே கேட்டார்: "பொண்ணு உங்களுக்கு ஏதும் தொந்தரவு குடுத்தாளாங்க?"

அப்பா வேடிக்கை செய்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன்.