கூடத்துத் தரைக்கு மூன்று விலை

கண்டிப் பெரஹரா ஊர்வலம் முடிந்து யானைகள் ஊர் திரும்பிய மறு சனிக்கிழமை. எங்கள் மேல்மாடிக் கூடத்துப் பலகைத் தரையிலிருந்து ஒரு சிராய் எழும்பி, ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தியின் குதிகாலில் ஏறியது. நான் கீழே சாப்பாட்டு மேசையில் எழுதிக்கொண்டிருந்தேன். மேலே தாளம் போடும் தட்டுக்கழியின் ஓசை நின்றது. பிறகு அழுகை கேட்டது.

என் மனைவி இருபது வருடங்களாக அந்தக் கூடத்தில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறாள். கீழ்வீடு சீமெந்துத் தரை. சீமெந்தில் தட்டி ஆடினால் பிள்ளைகளின் முழங்கால் போய்விடும் என்பது அவளுடைய கட்சி. ஆகவே ஆட்டமெல்லாம் மேலே, பலகையில். வகுப்பு நடக்கும் நேரத்தில் நான் தேநீர்க் கோப்பையைச் சாசரால் மூடிவைப்பேன். மேலே பதினான்கு சோடிக் கால்கள் ஒன்றாகத் தட்டினால், பலகை இடுக்குகளின் வழியாக வரும் தூசிக்குக் கோப்பை இருக்கும் இடம் எப்படியோ தெரிந்துவிடும்.

சிராய் ஏறிய பிள்ளையின் தாய் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறார். சிராயை அவரே எடுத்தார், ஊசியும் போட்டார். அன்று பின்னேரம் தொலைபேசியில் பேசியபோது கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தரையச் சரி பண்ணுங்க டீச்சர். அதுவரைக்கும் பிள்ளைய அனுப்ப மாட்டேன். தப்பா நினைக்காதீங்க."

தாய்மாருக்கென்று கைத்தொலைபேசியில் ஒரு குழு இருக்கிறது. அதில் என்ன எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியாது. மறு சனிக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை ஆறு பேர். விஜயதசமிக்கு ஐந்து வாரம் இருந்தது. புதிய பிள்ளைகள் சேருவது அந்த ஒரு நாளில்தான். அன்றைக்குத் தட்டுக்கழியைத் தொட்டு ஆரம்பிக்காத பிள்ளையைப் பிறகு யாரும் கொண்டுவந்து விடுவதில்லை. என் மனைவி ஆறு பேரையும் அனுப்பிவிட்டுப் படியிறங்கி வந்து, விஜயதசமிக்குள் தரை சரியாகாவிட்டால் வகுப்பை மூடிவிடலாம் என்றாள். சொன்ன விதம், இன்றைக்குப் பால்மா வாங்கவேண்டும் என்பதைப்போல இருந்தது. ஓய்வூதியம் எடுக்கும் ஆசிரியைக்குச் சனிக்கிழமை என்று ஒன்று இருப்பதே அந்த வகுப்பால்தான் என்பது எனக்குத் தெரியும்.

இதில் என் பங்கு, தரையைச் செதுக்கித் தேய்த்துப் புதுப்பிக்க எவ்வளவு ஆகும் என்று விசாரிப்பது. வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஊர் வரலாறு எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பட்டமும் இல்லை, பதிப்பாளரும் இல்லை. தபால் திணைக்களத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நேரம் மட்டும் இருக்கிறது. அந்த நேரத்தில் கண்டியின் பழைய வீடுகளைப்பற்றி, எது எப்போது கட்டப்பட்டது, யார் யாருக்கு விற்றார்கள் என்று திகதி வாரியாகக் குறித்துவருகிறேன். சொந்த வீட்டைப்பற்றி மட்டும் தனிக் கோப்பு. உறுதிப் பத்திரங்களைப் பார்த்து நான் கண்டுபிடித்ததன்படி, அம்பிட்டிய வீதிக்கு மேலே சரிவில் நிற்கும் இந்த வீடு, தோட்டக் கம்பனி ஒன்றின் வெள்ளைக்காரக் கணக்கர் கட்டியது. மேல்மாடிப் பலகை பர்மாத் தேக்கு. கப்பலில் கொழும்புக்கும், ரயிலில் கண்டிக்கும், மாட்டுவண்டியில் மலைக்கும் ஏறியது. மாட்டுவண்டிக்குச் சான்றில்லை. ஆனால் வேறு எப்படி ஏறியிருக்கும்?

முதலாவதாக வந்தவர் பிலிமத்தலாவையில் தளபாடப் பட்டறை வைத்திருக்கும் சிங்களவர். சப்பாத்தை வாசலில் விட்டு, காலுறையோடு மேலே வந்தார். குந்தியிருந்து விரல் மொழியால் பலகையைத் தட்டினார். துருத்திக்கொண்டிருந்த ஆணிகளைப் பார்த்தார். நாடாவை விரித்து அளந்தார். சதுர அடிக்கு இருநூற்றைம்பது ரூபாய், மின்சாரம் உங்களது, வேலையாட்களுக்குப் பகல் சாப்பாடும் உங்களது என்றார். நியாயமாகப் பட்டது. அவர் எழுந்திருக்கும்போது, இவ்வளவு தூரம் வந்த மனிதரை வெறும் தேநீரோடு விடக்கூடாது என்று கோப்பிலிருந்து சிலதைச் சொன்னேன். கப்பல், ரயில், வண்டி. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதை நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். மறுபடியும் குந்தினார். இந்த மாதிரி மரத்துக்குச் சாதாரண மெஷின் போடமுடியாது, மினுக்கத்துக்குப் பூசும் லெக்கரும் வெளிநாட்டுச் சாமானாக இருக்கவேண்டும் என்றார். சதுர அடிக்கு நானூறு.

வரலாற்றை மதிக்கும் ஒரு தொழிலாளியைக் கடைசியில் கண்டுவிட்டதாக எனக்கு ஒரு திருப்தி. என் மனைவி அவர் போகும்வரை காத்திருந்தாள்.

"வேலைக்கு எவ்வளவு, கதைக்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் கேட்டீங்களா?"

அடுத்தவர் வரும்போது வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவானது. தெல்தெனியப் பக்கத்திலிருந்து வந்த நம்மவர் அவர். ஊரில் தச்சு பாஸ் என்பார்கள். நான் பேசவில்லை. ஆனால் சுவர் பேசியது. அரங்கேற்றப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. மூலையில் நடராசர் நின்றார், ஆணியில் சலங்கைகள் தொங்கின. பாஸ் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். தரையைக் கடைசியாகத்தான் பார்த்தார்.

"இத்தன பிள்ளைக வருதுகளா, டீச்சரம்மா? மாசம் எவ்வளவு வாங்குறீங்க?"

பொய் பேசக்கூடாது என்று மாணவிகளிடம் சொல்லிச் சொல்லி அந்தப் பழக்கம் என் மனைவிக்கும் ஒட்டிவிட்டது. சொன்னாள். பாஸ் கூரையைப் பார்த்துப் பெருக்கினார். படத்தில் இருந்த பிள்ளைகளையெல்லாம் எண்ணினாரே ஒழிய, வரும் பிள்ளைகளை அல்ல என்று பிறகு புரிந்தது.

"வீடுன்னா ஒரு கணக்கு. இது தொழில் நடக்கிற இடம். வேலை கெட்டியா செய்யணுமில்ல" என்றார். கெட்டிக்கு அவர் சொன்ன விலை, கப்பலுக்கு முதலாமவர் சொன்னதைவிட முப்பது ரூபாய் கூட. அவர் நாடாவில் கூடமும் எப்படியோ கொஞ்சம் நீண்டிருந்தது. பிலிமத்தலாவைக்காரர் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு சதுர அடி என்றார். இவருக்கு நானூற்றிருபது. அவர் போன பிறகு நானே அளந்துபார்த்தேன். இரண்டுமில்லாத மூன்றாவது எண் வந்தது. மலைச்சரிவில் நிற்கும் வீட்டுக்கு மூலைமட்டம் என்று ஒன்றும் கிடையாது.

ஆக, நாங்கள் இரண்டு பாடம் கற்றோம். வீட்டுக்கு வயது இருக்கக்கூடாது, கூடத்துக்கு வருமானம் இருக்கக்கூடாது. விலை கேட்பதற்கு முன் கண்டியில் எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். காரைப் பக்கத்து வீட்டில் நிறுத்திவிட்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும், நல்ல கதிரைகளைப் படுக்கையறையில் அடுக்குகிறவர்களையும் தெரியும். நாங்கள் நடராசரைப் போர்வையால் சுற்றி அறைக்குள் கொண்டுபோனோம். சலங்கைகள் அலுமாரிக்குள் போயின. படங்களைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினோம். நான் வெளுத்த சாரமும் கை கிழிந்த பனியனும் உடுத்தினேன். அதற்கு மேல் ஏழையாகத் தெரிய எனக்கு உடுப்பு இருக்கவில்லை.

மூன்றாமவர் நகரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம். வேலையாட்களும் மெஷினும் அவரிடமே உண்டு. எல்லாரும் அவரை நானா என்பார்கள். மேலே வந்து நடுக்கூடத்தில் நின்று, சுவரைச் சுற்றிப் பார்த்தார். படங்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளைச் சதுரங்களாக இருந்ததை நாங்கள் யோசிக்கவே இல்லை.

"எல்லாத்தையும் கழட்டீக்கிறீங்க. வாடகைக்கு உடப்போறீங்களோ?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சன்னலைப் பார்த்தாள். இல்லை என்றால் அடுத்த கேள்வி என்னவென்று இருவருக்கும் தெரியும். "பார்க்கலாம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. குளத்துப் பக்கம் இரண்டு வீடுகளில் வெள்ளைக்காரர் தங்கும் அறைகளுக்குத் தரை செய்துகொடுத்ததைச் சொன்னார். அவர்களுக்குப் படம் எடுத்தால் தரை மினுங்கவேண்டும், அதைப் பார்த்துத்தான் வருகிறார்களாம். சதுர அடிக்கு முந்நூறு. கூடத்தின் பரப்பு அவர் கணக்கில் நானூறு, பேச வசதியான எண். ஒரு மூலையை மட்டும் இலவசமாகச் செய்துகாட்டுகிறேன், பிடித்தால் மீதி என்றார். நாங்கள் வென்றுவிட்டோம் என்று நினைத்தோம். தெல்தெனியக்காரர் விலையோடு பார்த்தால் கூடத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் மிச்சம்.

வேலையாட்கள் இரண்டு பேர் வந்து, சன்னலோரம் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத் தேய்த்து, இடுக்குகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, லெக்கர் மூன்று பூச்சு பூசினார்கள். காய இரண்டு நாள். காய்ந்த பிறகு அதில் மேலே சுழலும் விசிறி தெரிந்தது. நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், அப்போதும் தெரிந்தது. இது தேக்குதான் என்று உலகத்துக்கே காட்டக்கூடிய நிறம். கோப்புக்காகப் படம் எடுத்தேன்.

வியாழக்கிழமை பின்னேரம் என் மனைவி சேலையைச் சொருகிக்கொண்டு அந்த மூலையில் ஏறி நின்றாள். முதலில் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அரைமண்டியில் உட்கார்ந்து நாலு தட்டுத் தட்டினாள். நன்றாகத்தான் கேட்டது. பிறகு குதித்து இறங்கும் ஒரு அடவு. இறங்கிய கால் நிற்கவில்லை, அது சுவர்வரைக்கும் போனது. அவளும் கூடவே போய் உட்கார்ந்தாள்.

நான் ஓடிப்போய்த் தூக்கினேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தப் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஆட ஏலாது" என்றாள். பிறகு, "ஆடலாம். ஒரு தரம்."

வேர்த்த வெறுங்காலுக்கு அது எண்ணெய் கொட்டிய தரை. சிராய் ஏறினால் ஊசி போதும், இதில் எலும்பு. முழுக்கூடமும் இப்படி ஆகியிருந்தால், காசையும் கொடுத்து வகுப்பையும் மூடியிருப்போம். மூன்று பேரையும் கூப்பிட்டு மூன்று விலை வாங்கியும், இந்தத் தரையில் நடப்பது என்ன என்று ஒருவருக்குமே முழுதாகச் சொல்லவில்லை. பாதி தெரிந்துகொண்டவர் அதற்கு விலை போட்டார். ஒன்றும் தெரியாதவர் இதைச் செய்தார்.

அன்று இரவே அவள் நானாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். மறுநாள் அவர் வந்தபோது நடராசர் மூலையில் நின்றார், படங்கள் சுவரில் இருந்தன, நான் காற்சட்டை போட்டிருந்தேன். அவர் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் காற்சட்டையைப் பார்த்துத்தான் அதிகம் சிரித்தார்.

"இத மொதல்லயே சொல்லீந்தா, நான் மூணு பூச்சு லெக்கர வீணாக்கீக்க மாட்டேனே, டீச்சர்."

என் மனைவி அவருக்குக் கதிரை போட்டு, தனக்கு வேண்டியதைச் சொன்னாள். ஆணி தலை தூக்கக்கூடாது. சிராய் இருக்கக்கூடாது. இடுக்குகளை அடைக்கவேண்டும். தேய்த்தால் போதும், மினுக்க வேண்டாம். போட்ட லெக்கரையும் சுரண்டி எடுக்கவேண்டும்.

பூச்சில்லாத மரம் வேர்வையில் கறுத்துப்போகும் என்றார் அவர். கறுக்கட்டும் என்றாள். வருடத்துக்கு ஒரு தடவை தேய்க்கவேண்டி வரும் என்றார். வரட்டும் என்றாள். இந்தப் பேரத்தில் நான் பார்வையாளன். விலை முந்நூறிலிருந்து நூற்றைம்பதுக்கு வந்தது. யாரும் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அதில் லெக்கரே இல்லை, அதற்கு ஏன் காசு என்றார் அவர். இத்தனை வாரமும் நாங்கள் பேரம் பேசிக்கொண்டிருந்தது எங்களுக்கு வேண்டாத ஒரு சாமானுக்கு.

எழுந்திருக்கும்போது ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். "மினுக்கம் இல்லாட்டி, நான் செஞ்சதுன்னு ஆருக்கிட்டயும் சொல்ல வாணாம்."

வேலை நவராத்திரி தொடங்கிய பிறகுதான் ஆரம்பமானது. கீழே கொலுவுக்கு மேல் மரத்தூள் இறங்கி, பொம்மைகள் எல்லாம் ஒரே நிறமாயின. வீட்டில் பேசுவது கேட்கவில்லை. சரஸ்வதி பூசைக்கு முந்திய நாள் மெஷினைக் கட்டிக்கொண்டு போனார்கள். தரை வெளிறிப்போய், சீவிய பென்சில் நிறத்தில் இருந்தது. படம் எடுக்க அதில் ஒன்றுமில்லை.

தாய்மாரின் குழுவில் என் மனைவி ஒரு வரி எழுதினாள், தரை செய்தாகிவிட்டது என்று. நான்கு பேர் கும்பிடும் கை அடையாளம் போட்டார்கள். தாதி பார்த்ததற்கு அடையாளம் இருந்தது. பதில் இல்லை.

விஜயதசமி காலை, வந்துகொண்டிருந்த ஆறு பேரும் வந்தார்கள். புதிதாக இரண்டு சிறு பிள்ளைகள், வெற்றிலைத் தட்டும் தாய்மாருமாக. நின்றுபோன எட்டுப் பேரில் யாரும் இல்லை. நல்ல நேரம் முடியக் கொஞ்சம் இருக்கையில், இரவு வேலை முடிந்த வெள்ளை உடுப்போடு தாதி படியேறி வந்தார். மகளையும் கூட்டிவந்திருந்தார். பிள்ளையின் காலில் தடித்த காலுறை.

யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. கைப்பையைச் சுவரோரம் வைத்துவிட்டு மண்டியிட்டார். சன்னலோரத்திலிருந்து தொடங்கி, உள்ளங்கையைப் பலகையில் அழுத்தி, நீளவாக்கில் இழுத்துக்கொண்டு வந்தார். பிறகு திரும்பி, மரத்தின் ஓட்டத்துக்கு எதிராக இழுத்தார். ஒரு பலகை முடிந்து அடுத்தது. வெற்றிலைத் தட்டோடு நின்ற தாய்மார் வழிவிட்டு விலகினார்கள். பூசைக்கு நின்ற கூட்டமெல்லாம் ஒரு தாதியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் மனைவி தட்டுக்கழியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

நடுக்கூடம்வரை வந்த பிறகு தாதி எழுந்தார். உள்ளங்கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மாப்போன்ற மரத்தூசியைத் தவிர அதில் ஒன்றுமில்லை. சேலைத் தலைப்பு இல்லாததால் உடுப்பிலேயே துடைத்துக்கொண்டார்.

"கழட்டு" என்றார் மகளிடம்.

பிள்ளை உட்கார்ந்து இரண்டு காலுறையையும் உருவினாள். எழுந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். எங்கே நிற்பது என்று தெரியாமல் டீச்சரைப் பார்த்தாள்.

"உன் இடம் ரெண்டாவது வரிசை" என்றாள் என் மனைவி.