தண்ணீர் கேட்ட தெருவுக்கு வந்த ஆடுகள்

தொண்டு நிறுவன வேலையில், கெட்ட செய்தி கொண்டுபோகிறவனுக்கும் ஒரு ஜீப் தருவார்கள். அப்படிப் போய் இறங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஜீப்

சித்தூரில் பல வருஷம் நாளிதழில் இருந்துவிட்டு, வெளிநாட்டுப் பணத்தில் நடந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். ஆபீஸ் திருச்சானூரில். விசைத்தறியும் சாயப்பட்டறையும் பெருகிக்கொண்டிருந்த தொண்ணூறுகள். நகரியில் ஒரு நெசவாளர் தெருவில் சாயத்தண்ணீர் இறங்கிக் கிணறு கெட்டுப்போயிருந்தது. பெண்கள் தண்டவாளம் தாண்டி ஸ்டேஷன் குழாய்க்குப் போய்வந்தார்கள். ரயில் சத்தம் கேட்டால் குடத்தோடு ஓட வேண்டும்.

கைத்தறி நெய்யும் கன்னியம்மா ஒரு வாளி இறைத்துக் காட்டினார். தண்ணீர் ரோஜா நிறம். போர்வெல் வேண்டும் என்று எழுதிக்கொண்டேன். அவர் நான் வந்த ஜீப்பை ஒரு பார்வை பார்த்தார்.

"எழுதிக்கினு போங்க சார். இதுக்கு முன்னால வந்தவரும் உங்களாட்டமே பொறுமையாத்தான் எழுதிக்கினு போனாரு."

இயக்குநர்

எங்கள் இயக்குநர் தெலுங்குக்காரர், நல்ல மனிதர். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கன்னியம்மா ஒருமுறை தண்டவாளத்தில் குடத்தோடு வழுக்கி விழுந்து எழுந்ததைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பணம் கொடுக்கும் நாட்டிலிருந்து வந்த ஃபேக்ஸைத் தேடி எடுத்தார்.

"ஏமய்யா, தண்ணிக்குக் குடுக்கிறதைப் போன வருஷமே நிறுத்திட்டாங்க. இந்த வருஷம் ஆடுதான்."

பாவு

ஆடுகளை லாரியில் கொண்டுபோய் இறக்கினோம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நெசவாளர் தெருவில் அந்த நேரத்தில் பாவு நீட்டியிருப்பார்கள். தறிக்குப் போகும் நீள நூலைத் தெரு நெடுக இழுத்துக் கட்டி, சோற்றுக்கஞ்சி தடவிக் காயவிடுவார்கள். ஆபீசில் யாருக்கும் இது தோன்றவில்லை. எனக்கும்தான்.

லாரியில் பட்டினி கிடந்த ஆடுகள் கஞ்சி வாசனைக்கு நேராகப் போயின. விரட்டுவதற்குள் பாதிப் பாவு போய்விட்டது. நூல் கூலிக்கு நெய்யக் கொடுத்த முதலாளியுடையது, ஈடு கட்ட வேண்டியவர் கன்னியம்மாவின் கணவர் ஏகாம்பரம். வாயில் நூல் தொங்க நின்ற ஓர் ஆட்டைக் காதைப் பிடித்து என்னிடம் இழுத்து வந்தார்.

"நல்லாத் துன்னுது சார். வெள்ளைக்காரன்கிட்ட சொல்லி இதுக்கு ஒரு தறியும் வாங்கிக் குடுத்துடுங்க, அதுவே நெய்யட்டும்."

என் பங்கு

அதன்பின் போர்வெல்லுக்காகத் தெரு தானே வசூலில் இறங்கியது. சென்னைப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். ஆடுகளை விற்ற பணமும் அதில் சேர்ந்தது. போர் போடும் லாரி வரும் நாளில் லீவு போட்டு, பஸ்ஸில் போனேன். என் சம்பளத்திலிருந்து கொஞ்சம் எடுத்து நீட்டினேன்.

கன்னியம்மா வாங்கவில்லை. என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார். என் மேல் அவருக்குக் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தப்பா நெனைக்காதீங்க சார். உங்க பேரு இதுல இருந்துச்சுன்னா, எங்க ஜனமே நாளைக்கு எங்களைப் பார்த்து, வெளிநாட்டுப் பணத்துல எவ்ளோ அடிச்சீங்கன்னு கேக்கும்."

நல்ல தண்ணீர் வந்தது. எங்கள் ஆண்டறிக்கையில் அந்தக் குழாயின் படம், ஆடு வளர்ப்பின் பயன்கள் என்ற தலைப்பின் கீழ், வண்ணத்தில் வந்தது.