ரேடியம் குடித்த தென்னை

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு முற்றத்துக்குக் கடல் வந்தது... கேன் கேனாக!

கொண்டு வந்தவள் என் அண்ணன் மகள் ஷைனி. கடல் தண்ணீரில் இயற்கையாகவே கொஞ்சம் ரேடியம் உண்டாம். அதை அளந்தால், நிலத்தடி நீர் எவ்வளவு கடலுக்குள் கசிகிறது என்று சொல்லிவிடலாமாம். அவள் தனியாகச் செய்யும் முதல் ஆய்வு. கேன் தண்ணீரை ஒரு கறுப்பு நார் வழியே மெல்ல வடித்தால் ரேடியம் நாரில் ஒட்டிக்கொள்ளும். அந்த ரேடியத்தில் ஒரு வகை நாலே நாளில் பாதியாகிவிடும். அன்று ராத்திரி ரயிலிலேயே நாரோடு லேபுக்கு ஓட வேண்டும்.

இதையெல்லாம் அவள் எனக்கு விளக்கியபோது என் வீட்டுக்காரர் புதுக்கடைச் சந்தையில் இருந்தார். அங்கேதான் வினை!

வடிக்கும் முன் ஒரு வாய் சாப்பிடட்டும் என்று அவளை உள்ளே கூப்பிட்டு மீன்கறி விளம்பினேன். கை கழுவி வெளியே வந்தால்... கேன்கள் காலி. பக்கத்தில், சந்தையிலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர்.

"மாமா, தண்ணி எங்க?"

"தென்ன மூட்டுல ஊத்திட்டேன் மக்கா. தென்னைக்குன்னு நீ கொண்டு வந்ததுன்னுல்லா நெனச்சேன்!"

தென்னைக்கு உப்பு போடுகிற ஊர். கடல் தண்ணீர் வீடு தேடி வந்தால் வேறு எதற்காம்? நல்லது செய்கிறவர்களைத் திட்டவும் முடிவதில்லை — அதுதான் சங்கடம்.

ஷைனிக்குக் கண் நிறைந்துவிட்டது. விஷயம் புரிந்ததும் அவர் முகம் செத்துப்போனது. கார் சாவியை எடுத்தார். "ஏறு மக்கா."

காலையில் அவள் தண்ணீர் பிடித்த அதே இடம். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேனோடு இறங்கினேன்.

"சாரே, வீட்டுல உப்பு தீந்து போச்சா?" வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் கேட்டார். பதில் சொல்வதற்குள் ஓர் அலை வந்து இவரைத் தலையோடு குளிப்பாட்டியது. ஷைனி சிரித்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. கடலில் கால் நனைத்தே எத்தனை காலம்! சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் வடித்து முடித்து, நாரைப் பையில் கட்டி, ரயிலுக்குக் கிளம்பினாள் ஷைனி. வடிந்த தண்ணீர் திரும்பக் கேன்களில் நின்றது.

"மாமா, ரேடியம் நாருல வந்தாச்சு. இனி இது ஒங்க தென்னைக்குத்தான்."

அவர் கேனில் கை வைத்தார். எடுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊத்தட்டா?"

கல்யாணமான நாளிலிருந்து ஒரு காரியத்தைச் செய்யும் முன் அவர் என்னிடம் கேட்டது — அதுதான் முதல் தடவை!