மாடியில் காய்ந்த இறால் ஓட்டுப் படலம்

சென்னையையொட்டிய செம்பாக்கத்து மொட்டைமாடிகளில் ஒருவர் காயவைத்ததை மற்றவர் கேட்காமலே தொடுகிறார்கள். வந்த புதிதில் அது எனக்கு விசித்திரமாக இருந்தது. என் தாவணியை யாரோ திருப்பிப் போட்டிருப்பார்கள். அடுத்த வீட்டு வடாத்தை யாரோ புரட்டிவிட்டிருப்பார்கள். மலேசியாவில், எங்கள் கிள்ளானில், பக்கத்து வீட்டுக் கொடியை நாங்கள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. தமிழிலக்கியம் படிக்க வந்த எனக்கு இந்த உரிமை புரியவே பல மாதங்கள் ஆயின.

என் அறைத்தோழி எஸ்தர் அக்கா வேதியியல் ஆய்வு மாணவி. இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசானைக் கரைத்து, அதில் நொதியைக் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி மெல்லிய படலமாக உலர்த்துவார். சர்க்கரைக் கரைசலில் அந்த நொதி வேலை செய்தால் சிறிது மின்சாரம் பிறக்கும். அதைக் காட்டினால்தான் அவருடைய ஆய்வு நிறைவேறும். ஆய்வகம் விடுமுறைக்குப் பூட்டப்பட்டதால், தட்டை மாடித் தண்ணீர்த்தொட்டியின் நிழலில் வைத்திருந்தார். குப்பியில் இன்னும் ஒரு படலத்துக்கே நொதி மிச்சமிருந்தது.

மாலையில் நாங்கள் மேலே போனபோது தட்டு வெயிலில் கிடந்தது. படலம் சுருண்டு வெடித்திருந்தது. அருகில் வீட்டுக்கார சரோஜா ஆன்ட்டி பெருமையோடு நின்றார்.

"இன்னாம்மா, நெழல்ல வெச்சா எப்பக் காயறது? நான்தான் வெயில்ல இஸ்து வெச்சேன்."

"ஆன்ட்டி, அதுல இருந்த நொதி, அந்த என்சைம், வெயில்ல செத்துப்போச்சு" என்றார் எஸ்தர் அக்கா.

"செத்துப்போச்சா! உசுரு கீதா அதுல?"

அக்கா பொறுமையாக விளக்கினார்.

"இறா ஓட்டுல கரண்ட்டா? அப்ப எங்க வூட்டுத் தொக்குல பல்பு எரியணுமே!" என்று சிரித்த ஆன்ட்டி, அக்காவின் கண்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

எங்கள் ஊரில் என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒதுங்கியிருப்பார்கள். ஆன்ட்டி மன்னிப்புக் கேட்கவில்லை. எஞ்சிய நொதியைக் கொண்டு மறுநாள் வார்த்த படலத்தின் அருகே, நிழல் நகர நகரத் தாமும் நகர்ந்து, குடை பிடித்து உட்கார்ந்தார். துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "கிட்ட வராதடி, உசுரு கீது!" என்று அதட்டினார். அந்தப் படலம் கிழியாமல் உரிந்தது. பின்னர் ஆய்வகத்தில் மின் அளவியின் முள் லேசாக அசைந்தது.

அந்தப் படலம் மாடியில் காய்ந்துகொண்டிருந்த பிற்பகலில், ராஜகீழ்ப்பாக்கத்து ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து நான் அம்மாவுடன் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சின் நடுவே, கிள்ளானில் எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் மழை அறையும் ஓசை தொலைபேசியில் கேட்டது.

"அம்மா, மழை வந்துடுச்சு, தட்டு நனைஞ்சிடும்!" என்று ரிசீவரை வைத்துவிட்டு வெளியே ஓடினேன்.

தெருவில் தார் இளகிக்கொண்டிருந்தது. மேகமே இல்லாத வானத்தை அண்ணாந்து பார்த்தபடி, தலைக்கு மேல் இரு கைகளையும் குடைபோலப் பிடித்துக்கொண்டு நின்றேன்.